சிறிய கேபினட்டுக்கு எந்த மதர்போர்டு? மினி-ஐடிஎக்ஸ், மைக்ரோ-ஏடிஎக்ஸ், அவற்றைவிடச் சிறியவை: ஓர் ஒப்பீடு

சிறிய கணினி ஒன்றை அசெம்பிள் செய்ய நினைப்பவர் பெரும்பாலும் மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு ஒன்றை முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் கேபினட்டையும் கூலரையும் பிறகு தேடுகிறார். பெரிய கேபினட்டில் இந்த வரிசையால் பெரிய தீங்கு எதுவும் நேர்வதில்லை; எதை எங்கே பொருத்தினாலும் இடம் மிஞ்சும். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியிலோ கூலரின் உயரம், கிராபிக்ஸ் கார்டின் தடிமன், பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிளின் வளைவு என ஒவ்வொன்றும் மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கேபினட், கூலர், மினி-ஐடிஎக்ஸில் உள்ள ஒரே விரிவாக்க ஸ்லாட்டில் செருகப்போகும் கார்டு ஆகிய மூன்றையும் முடிவு செய்த பிறகே மதர்போர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த ஒப்பீடும் அந்த நோக்கிலேயே எழுதப்படுகிறது.

அளவுகளிலிருந்து தொடங்கலாம். முழு அளவு ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ. அதைக் குறுக்கி உருவான மைக்ரோ-ஏடிஎக்ஸ் அதிகபட்சம் 244 × 244 மி.மீ. வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ.; பரப்பளவில் இது மைக்ரோ-ஏடிஎக்ஸின் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஏஎம்டி 2007இல் அறிவித்த மினி-டிடிஎக்ஸ், மினி-ஐடிஎக்ஸை ஒரு பக்கம் மட்டும் நீட்டியதுபோல 203 × 170 மி.மீ. அளவில் அமைந்தது. இன்டெல் 2015இல் முன்வைத்த மினி-எஸ்டிஎக்ஸ் 147 × 140 மி.மீ. மட்டுமே.

போர்டின் பரப்பளவைக் கொண்டு கணினியின் பருமனைக் கணிக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 300 மி.மீ. நீளமும் 130 மி.மீ. அகலமும் 60 மி.மீ. தடிமனும் உள்ள கிராபிக்ஸ் கார்டு தனியாகவே 2.3 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளைக்கு ஏறத்தாழ 1.8 லிட்டர் தேவைப்படுகிறது. 125 × 100 × 63.5 மி.மீ. அளவுள்ள எஸ்எஃப்எக்ஸ் வகைக்கு 0.8 லிட்டர் போதும். போர்டை மட்டும் சிறிதாக வாங்கிவிட்டு மற்ற இரண்டையும் பெரிதாகவே வைத்துக்கொண்டால், செலவு கூடுமே தவிரப் பெட்டி சுருங்காது.

மைக்ரோ-ஏடிஎக்ஸை ஏன் முதலில் பரிசீலிக்க வேண்டும்

ஒரே சிப்செட் (பிராசசரை மற்ற இணைப்புகளுடன் சேர்க்கும் துணைச் சிப்), ஏறத்தாழ ஒரே வசதிகள் என்று வைத்து ஒப்பிட்டால், மினி-ஐடிஎக்ஸ் போர்டு பெரும்பாலும் மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டைவிட விலை கூடுதலாகவே இருக்கும். அதே மின்தடங்களைப் பாதிப் பரப்பில் அடக்குவதற்குக் கூடுதல் அடுக்குகள் கொண்ட பலகை வேண்டும். விற்கும் எண்ணிக்கையும் குறைவு. அந்தக் கூடுதல் விலைக்கு ஈடாகக் கிடைப்பது இடச் சிக்கனம் ஒன்றுதான். கேபினட்டும் அந்தச் சிக்கனத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பணம் வீண்.

இதனால்தான் கேபினட்டின் கொள்ளளவை முதலில் பார்க்கச் சொல்கிறேன். டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் போன்ற 7.2 லிட்டர் கேபினட்டிலும், ஃபிராக்டல் டெர்ரா போன்ற 10.4 லிட்டர் கேபினட்டிலும் மினி-ஐடிஎக்ஸைத் தவிர வேறு வழியில்லை. கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18.25 லிட்டர் கேபினட்டை ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது நிலைமை மாறுகிறது. அதைவிடச் சில லிட்டர் மட்டும் பெரிதான மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேபினட்டுகள் கிடைக்கின்றன. மேசைமேல் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, போர்டுக்கான செலவில் நன்றாகவே தெரியும். 15 லிட்டருக்குக் கீழே என்றால் மினி-ஐடிஎக்ஸ். 20 லிட்டரை நெருங்கிவிட்டால் மைக்ரோ-ஏடிஎக்ஸை ஒதுக்குவதற்குக் காரணம் தேட வேண்டும் என்பது என் அளவுகோல்.

ஆனால் மைக்ரோ-ஏடிஎக்ஸின் ஆதாயங்களாகப் பட்டியலிடப்படும் எல்லாமே உண்மையான ஆதாயங்கள் அல்ல. நான்கு ரேம் ஸ்லாட் என்பது அவற்றுள் முதலாவது. ஏஎம்5 சாக்கெட்டில் (பிராசசர் அமரும் இடம்) ரைசன் 7000 வரிசைப் பிராசசர்களுக்கு இரண்டு ரேம்களுடன் டிடிஆர்5-5200 வேகம் வரை ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிக்கிறது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அந்த உறுதி டிடிஆர்5-3600ஆக இறங்கிவிடுகிறது. இரண்டே ஸ்லாட் கொண்ட மினி-ஐடிஎக்ஸில் மின்தடங்கள் குறுகியவை, ஒரு சேனலுக்கு (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான தரவுப் பாதை) ஒரே ரேம். ஆகவே அதிவேக ரேம்களுக்கு இந்த அமைப்பே ஏற்றது. 48 ஜிபி ரேம்கள் இரண்டைப் பொருத்தினாலே 96 ஜிபி ஆகிவிடுவதால், நான்கு ஸ்லாட் இல்லையே என்ற கவலை இன்று மிகச் சிலருக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது விரிவாக்க ஸ்லாட் என்பது உண்மையான ஆதாயம். வேகமான நெட்வொர்க் கார்டு, கூடுதல் ஹார்டு டிஸ்க்குகளுக்கான கன்ட்ரோலர், வீடியோ கேப்சர் கார்டு ஆகியவற்றில் ஒன்று கிராபிக்ஸ் கார்டுடன் சேர்ந்து தேவைப்படுபவருக்கு மினி-ஐடிஎக்ஸ் பொருந்தவே பொருந்தாது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினால், அதற்குக் கீழுள்ள இரண்டு ஸ்லாட்டுகளும் மறைந்துபோகும். மைக்ரோ-ஏடிஎக்ஸ் வாங்கியும் கடைசி ஸ்லாட் ஒன்றைத் தவிர எதுவும் எட்டாது, சில போர்டுகளில் அதுவும் ஒற்றை லேன் (தரவு செல்லும் தடம்) மட்டுமே உள்ள ஸ்லாட்டாக இருக்கும். ஆகவே போர்டின் படத்தில் ஸ்லாட்டுகளை எண்ணினால் போதாது, கார்டு மறைக்கப்போகும் இடத்தைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.

மினி-டிடிஎக்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆசுஸ் 2019இல் கொண்டுவந்த கிராஸ்ஹேர் VIII இம்பாக்ட் போன்ற அரிய போர்டுகளைத் தவிர அந்த அளவில் தேர்வே இல்லை; அப்படி ஒன்று கிடைத்தாலும் கேபினட் அந்த 33 மி.மீ. நீட்சியை ஏற்குமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

மினி-ஐடிஎக்ஸைவிடச் சிறியவை

கிராபிக்ஸ் கார்டே வேண்டாம் என்பவர் மினி-எஸ்டிஎக்ஸையும் மெல்லிய மினி-ஐடிஎக்ஸையும் பார்க்கலாம். மினி-எஸ்டிஎக்ஸில் சாக்கெட் உண்டு, ஆகவே பிராசசரை மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப் வகை ரேம் பொருந்தும். மின்சாரம் 19 வோல்ட் அடாப்டர் வழியே வரும். வழக்கமான விரிவாக்க ஸ்லாட் கிடையாது. நடைமுறையில் இந்த அளவு போர்டு ஏஎஸ்ராக்கின் டெஸ்க்மினி போன்ற முழுப் பெட்டிகளுக்குள் அடங்கியே விற்பனைக்கு வருகிறது. அதாவது போர்டைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு, கேபினட், பவர் அடாப்டர், கூலருக்கான 46 மி.மீ. உயர வரம்பு என அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். போர்டு பழுதானால் அதே அளவில் வேறு நிறுவனத்தின் போர்டைத் தேடிப் பொருத்துவது ஏறத்தாழ இயலாத காரியம். இருந்தும், 65 வாட் வகுப்புப் பிராசசர் ஒன்றை இரண்டு லிட்டருக்கும் குறைவான பெட்டியில் அடக்கி, அலுவலக வேலைக்கோ வரவேற்பறைத் திரைக்கோ வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இது நியாயமான தேர்வுதான்.

மெல்லிய மினி-ஐடிஎக்ஸ் என்பது அதே 170 மி.மீ. சதுரம், பின்பக்க இணைப்புகளின் உயரம் மட்டும் 25 மி.மீ.க்குள் அடங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ரேம் படுக்கை வாட்டில் அமரும். திரையின் முதுகில் மாட்டும் கணினி, தகவல் பலகை, விற்பனை முனையம் போன்றவற்றுக்கே இது பெரும்பாலும் செல்கிறது. வீட்டுக் கணினிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பொருத்தமான கேபினட்டும் கூலரும் கிடைப்பதே கடினம்.

பிராசசர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வரும் வகையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இன்டெல் என்100 பொருத்திய மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள் வீட்டுச் சர்வர்களுக்காகப் பரவலாக வாங்கப்படுகின்றன. நான்கு கோர்கள், 6 வாட் வெப்ப அளவு, விசிறி இல்லாத ஹீட்சிங்க் என்ற வகையில் இவை கவர்ச்சியானவை. ஆனால் இந்தப் பிராசசரில் கார்டுகளையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் பிசிஐஇ 3.0 லேன்கள் மொத்தமே ஒன்பதுதான் உள்ளன, ரேமுக்கும் ஒரே சேனல்தான். எஸ்எஸ்டிக்கான எம்.2 ஸ்லாட், நெட்வொர்க் சிப், ஹார்டு டிஸ்க்குகளுக்கான சாட்டா கன்ட்ரோலர், விரிவாக்க ஸ்லாட் அனைத்தும் அந்த ஒன்பதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே இத்தகைய போர்டில் நீளமான ஸ்லாட் ஒன்றைக் கண்டால், அதற்குள் உண்மையில் எத்தனை லேன்கள் வருகின்றன என்று கையேட்டில் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

மினி-ஐடிஎக்ஸ் என்று முடிவான பிறகு

அளவு முடிவானதும் வாங்குபவரின் கவனம் சிப்செட்டின் பெயருக்குச் செல்கிறது. சிறிய கேபினட்டைப் பொறுத்தவரை அது இரண்டாம் நிலைக் கேள்வி. எந்தக் கனெக்டர் எங்கே இருக்கிறது, எந்த ஹீட்சிங்க் எவ்வளவு உயரம் என்பவையே முதல் நிலைக் கேள்விகள்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். கேபினட் 48 மி.மீ. உயரமுள்ள கூலரை அனுமதிக்கிறது என்று கொள்வோம். 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9 வகைக் கூலரோ, 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 கூலரோ இதில் பொருந்தும். இரண்டாவது கூலர் கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும், ஆனால் அதன் தகடுகள் சாக்கெட்டின் எல்லையைத் தாண்டி நீள்கின்றன. மினி-ஐடிஎக்ஸில் சாக்கெட்டுக்கு ஒரு பக்கம் ரேம் ஸ்லாட்டுகள், மறுபக்கம் பின்பக்க இணைப்புகளின் மேலுறை, மேலே மின்னழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் விஆர்எம் பகுதியின் ஹீட்சிங்க், கீழே எம்.2 ஸ்லாட்டின் மூடி என்று நான்கு புறமும் நெருக்கடி. அலங்கார உறை இல்லாத சாதாரண ரேமின் உயரமே 31 மி.மீ. அளவில் இருக்கிறது. விலையுயர்ந்த போர்டுகளில் விஆர்எம் ஹீட்சிங்க்கும் எம்.2 மூடியும் அழகுக்காகவும் வெப்பத்துக்காகவும் உயர்த்தப்பட்டிருப்பதால், குட்டைக் கூலர்கள் விலை குறைந்த போர்டில் சிக்கலின்றி அமர்ந்து, விலை கூடிய போர்டில் இடிக்கும் நிலை ஏற்படுகிறது. கூலர் நிறுவனங்கள் வெளியிடும் போர்டு பொருத்தப் பட்டியலை வாங்கும் முன் பார்த்துவிடுவது இந்தத் தலைவலியை முற்றாகத் தவிர்க்கும்.

விஆர்எம்மின் வலிமையையும் இதே கண்ணோட்டத்தில் மதிப்பிட வேண்டும். ஏஎம்5இல் 65 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசசர் சாக்கெட் வழியே அதிகபட்சம் 88 வாட் வரையும், 105 வாட் என்பது 142 வாட் வரையும், 170 வாட் என்பது 230 வாட் வரையும் இழுக்க அனுமதிக்கப்பட்டுள்ளது. இன்டெல் தரப்பில் கோர் ஐ5-13400இன் உச்சம் 148 வாட், ஐ9-13900கேயின் உச்சம் 253 வாட். 37 மி.மீ. கூலரால் 230 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து அகற்றுவது நடக்காத காரியம்; அந்தப் பிராசசரை அந்தக் கேபினட்டில் வைப்பவர் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) மின்திறன் வரம்பை 88 வாட் அளவுக்குக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். 88 வாட்டுக்கு எந்த ஒழுங்கான நடுத்தரப் போர்டின் விஆர்எம்மும் போதும். ஏழு, எட்டு லிட்டர் கேபினட்டுக்காக மிகப் பெரிய விஆர்எம் கொண்ட போர்டை வாங்குபவர், கூலர் ஒருபோதும் அனுமதிக்காத ஒரு திறனுக்கு விலை கொடுக்கிறார். 18 லிட்டர் கேபினட்டில் 240 மி.மீ. திரவக் கூலர் வைப்பவரின் கணக்கு வேறு. அங்கே வெப்பத்தை அகற்ற முடியும், வலுவான விஆர்எம்முக்கும் பொருள் உண்டு. மேலும் போர்டை நோக்கிக் காற்றை ஊதும் குட்டைக் கூலர் விஆர்எம்மையும் சேர்த்துக் குளிர்விக்கும், திரவக் கூலரில் அந்தக் காற்று இல்லை என்பதால் ஹீட்சிங்க் இல்லாத மலிவுப் போர்டைத் திரவக் கூலருடன் இணைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எம்.2 ஸ்லாட்டுகளில் எண்ணிக்கையைவிட இடமே முக்கியம். பெரும்பாலான மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளில் ஒன்று முன்பக்கமும் மற்றொன்று போர்டின் முதுகிலும் இருக்கும். முதுகுப் பக்க எஸ்எஸ்டிக்குக் காற்று கிடைப்பதில்லை. போர்டைக் கழற்றாமல் அதை மாற்றவும் முடியாத கேபினட்டுகள் பல. இயக்க மென்பொருளை முன்பக்க எஸ்எஸ்டியிலும், அடிக்கடி எழுதப்படாத கோப்புகளைப் பின்பக்க எஸ்எஸ்டியிலும் வைப்பது நல்லது.

கனெக்டர்களின் இடமும் இதே அளவு கவனத்துக்குரியது. 24 பின் மின் கனெக்டர் போர்டின் ஓரத்தில் இருந்தால் கேபிளை வளைத்து மறைக்கலாம். உள்ளே தள்ளி இருந்தால் அந்தக் கேபிள் கூலரின் மேல் வந்து விழும். முன்பக்க டைப்-சி இணைப்புள்ள கேபினட்டுக்கு அதற்குரிய தனிக் கனெக்டர் போர்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் விலை குறைந்த போர்டுகளில் முதலில் விடுபடுவது அதுதான். வைஃபை பல போர்டுகளில் சேர்ந்தே வருகிறது. அது இல்லாத போர்டில் கார்டை நாமே வாங்கிப் பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை: இன்டெல்லின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை இன்டெல் தளத்தில் மட்டுமே இயங்கும், ஏஎம்டி போர்டுக்கு ஏஎக்ஸ்210 வாங்க வேண்டும்.

சிப்செட்டில் எது போதும்

சிப்செட்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி கூடுதல் லேன்கள், கூடுதல் சாட்டா, கூடுதல் யுஎஸ்பி ஆகியவையே. மினி-ஐடிஎக்ஸில் ஒரே ஸ்லாட், இரண்டு மூன்று எம்.2, இரண்டு முதல் நான்கு சாட்டா என்று இடமே வரம்பு விதித்துவிடுவதால், உயர்ந்த சிப்செட் தரும் மிகுதியில் பாதி இணைக்கப்படாமலே நின்றுவிடுகிறது. ஏஎம்5க்கான எக்ஸ்670 என்பது இரண்டு சிப்புகளால் ஆனது, அவற்றை 170 மி.மீ. சதுரத்தில் அடக்குவதே ஒரு போராட்டம். அதற்குப் பின் வந்த எக்ஸ்870இல் ஒரே சிப்தான் உள்ளது, அதுவும் பி650இல் உள்ள அதே வகைச் சிப். கட்டாயமாகச் சேர்க்கப்படும் யுஎஸ்பி4 இணைப்பும், கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கான பிசிஐஇ 5.0 ஆதரவும்தான் முதன்மையான கூடுதல். வெளிப்புற யுஎஸ்பி4 சாதனம் எதையும் பயன்படுத்தாதவர் பி650 அல்லது பி850 போர்டில் நிறைவடையலாம். ரைசன் பிராசசர்களின் வேகத்தைக் கூட்டும் வசதி அவற்றிலும் உண்டு. ஏ620இல் அது இல்லை, ஆனால் குட்டைக் கூலர் வைப்பவருக்கு அது ஓர் இழப்பே அல்ல.

இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் எச்610, பி760, இசட்790 என்ற மூன்று படிகள். எச்610இன் குறையாகச் சொல்லப்படும் இரண்டு ரேம் வரம்பு, இரண்டே ஸ்லாட் உள்ள மினி-ஐடிஎக்ஸில் குறையாகாது. ரேமின் வேகத்தைக் கூட்ட முடியாது என்பதுதான் உண்மையான குறை. பி760 அதை அனுமதிக்கிறது. பிராசசரின் வேகத்தைக் கூட்ட இசட்790 வேண்டும், ஆனால் அதற்கான வெப்ப வசதி சிறிய பெட்டியில் அரிது. பழைய டிடிஆர்4 ரேமை வைத்திருப்பவருக்கு எல்ஜிஏ1700 போர்டுகளில் அதற்கான வகையும் கிடைக்கிறது என்பது இந்தத் தளத்தின் தனி அனுகூலம். ஏஎம்5இலும், அக்டோபர் 2024இல் வந்த எல்ஜிஏ1851இலும் டிடிஆர்5 மட்டுமே.

சாக்கெட்டின் ஆயுள் மினி-ஐடிஎக்ஸில் கூடுதல் எடை பெறுகிறது, ஏனெனில் போர்டுக்குக் கொடுக்கும் விலையே அதிகம். எல்ஜிஏ1700க்கு இனிப் புதிய தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர் வருவதை எதிர்பார்க்க இடமில்லை. ஏஎம்5க்கான ஆதரவு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் தொடரும் என்று ஏஎம்டி அறிவித்துள்ளது. புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு ஏஎம்5 பி650 அல்லது பி850. கையில் டிடிஆர்4 ரேம் இருந்து செலவைக் குறைக்க வேண்டியவருக்குப் பி760.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், ரைசன் 8700ஜி போன்ற பிராசசரின் உள்ளமைந்த கிராபிக்ஸையே நம்புபவருக்கு ரேமின் வேகமே விளையாட்டு வேகமாகிறது. எனவே இரண்டு ரேம்களைப் பொருத்துவது கட்டாயம். காலியாகும் ஸ்லாட்டில் வேறு கார்டு வைக்கலாம், ஆனால் 8700ஜியில் அந்த ஸ்லாட்டுக்கு எட்டு லேன்களும், 8500ஜியில் நான்கு லேன்களும் மட்டுமே வரும். கோப்புச் சேமிப்புச் சர்வர் கட்டுபவருக்கு இந்த எட்டு லேன்கள் தாராளம். நான்குக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகள் வேண்டுமானால் சாட்டா குறைவான போர்டில் அந்த ஸ்லாட்டையே கன்ட்ரோலருக்குக் கொடுத்துவிடலாம். இசிசி ரேம் (தரவுப் பிழைகளைத் தானே திருத்தும் வகை) தேவைப்படுபவர், அதைத் தன் கையேட்டில் வெளிப்படையாகக் குறிப்பிடும் போர்டையே வாங்க வேண்டும். சாதாரண 8000ஜி பிராசசர்கள் இசிசியை ஆதரிப்பதில்லை என்பதால் அந்தச் சர்வருக்கு வேறு பிராசசர் பார்க்க வேண்டியிருக்கும்.

போர்டுக்கு முதுகுகாட்டிக் கிராபிக்ஸ் கார்டு அமரும் கேபினட்டுகளில் கார்டைப் போர்டின் ஸ்லாட்டுடன் இணைக்கும் ரைசர் கேபிள் ஒன்று இடையில் வருகிறது. பிசிஐஇ 3.0க்காகச் செய்யப்பட்ட கேபிளில் 4.0 கார்டைப் பொருத்தினால் திரை இருண்டு நிற்பதோ, இடையிடையே உறைவதோ நேரலாம். பயாஸுக்குள் சென்று ஸ்லாட்டின் வேகத்தை 3.0 என்று நிர்ணயித்தால் சரியாகிவிடும். ஆனால் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லையென்றால், பயாஸைப் பார்ப்பதற்கே திரை வராது. இன்டெல்லின் எஃப் வரிசை, ரைசன் 7500எஃப் போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தவர் முதலில் கார்டை நேரடியாகப் போர்டிலேயே செருகி, அமைப்பை மாற்றிச் சேமித்து, பிறகு கேபிளை இணைக்க வேண்டும். இத்தகைய கேபினட்டுக்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள பிராசசரையும், 4.0க்கு உறுதியளிக்கப்பட்ட கேபிளையும் தேர்ந்தெடுப்பதே நிம்மதி.

கடைசியாக, போர்டின் பிராசசர் ஆதரவுப் பட்டியலில் நம் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று பார்த்துவிட வேண்டும். பெட்டியில் வரும் போர்டு அதற்கு முந்தைய பதிப்புடன் இருந்தால் கணினி எழும்பாது. பிராசசரே இல்லாமல் யுஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் பின்பக்கத்தில் உள்ள போர்டுகளில் இதைக் கேபினட்டைத் திறக்காமலே சில நிமிடங்களில் சரிசெய்யலாம். மற்ற எல்லாவற்றிலும் சமமாக நிற்கும் இரண்டு மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளுக்கு இடையே தயங்கினால், அந்தப் பொத்தான் உள்ளதையே எடுப்பேன்.